நஞ்சா, உயிரா? வைரஸின் வரலாறும் புனே நகரமும்

1

உயிருள்ளவை, உயிரற்றவை என்னும் பாகுபாடு பள்ளியில் ஓர் அட்டவணையாக நமக்கு அறிமுகமாகிறது. வளர்ச்சி, சுவாசம், உணவூட்டம், கழிவுநீக்கம், இனப்பெருக்கம், தூண்டலுக்குத் துலங்கல் என ஒருபுறம் பண்புகளின் வரிசை. மறுபுறம் இவை எதுவும் இல்லாத கல்லும் நாற்காலியும். பல்கலைக்கழகம் வந்த பின்னும் நம்மில் பெரும்பாலோரின் சிந்தையில் அந்த அட்டவணையே நிற்கிறது. வைரஸ் குறித்த கேள்வி வந்தால், 'உயிருள்ளவற்றுக்கும் உயிரற்றவற்றுக்கும் இடைப்பட்டது' என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிடுகிறோம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டு வரலாறு உள்ளது. அதில் குறிப்பிடத்தக்க ஒரு பகுதி, நான் ஆய்வு மேற்கொண்டிருக்கும் புனே நகரில் நிகழ்ந்தது. வைரஸ்களைப் பிரித்தெடுத்து அடையாளம் காணும் தேசிய வைராலஜி நிறுவனமும், உலகிலேயே மிக அதிக எண்ணிக்கையில் தடுப்பூசிகளை உற்பத்தி செய்யும் சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியாவும் இந்நகரில்தான் உள்ளன. இவ்விரு இடங்களிலும் 'இது உயிரோடு இருக்கிறதா?' என்பது தத்துவ வினா அன்று. ஒவ்வொரு குப்பியைப் பற்றியும் விடை சொல்லியாக வேண்டிய அன்றாட வினா.

தமிழும் மராத்தியும் இப்பொருளுக்கு வைத்த பெயர்கள் கவனிக்கத்தக்கவை. மராத்தியில் பாக்டீரியாவை 'ஜிவாணு' என்பர். வைரஸை 'விஷாணு' என்பர். முன்னதில் ஜீவன் இருக்கிறது. பின்னதில் விஷம் இருக்கிறது. தமிழில் 'நச்சுயிரி' என்ற சொல்லும் 'தீநுண்மி' என்ற சொல்லும் வழங்குகின்றன. ஒன்று உயிரைப் பெயருக்குள்ளேயே வைத்திருக்கிறது. மற்றொன்று அதைத் தவிர்க்கிறது. பெயரிட்டவர்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு பழைய வழக்கில் ஆளுக்கொரு பக்கம் நின்றிருக்கிறார்கள். அவ்வழக்கைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவு எட்டும்வரை 'வைரஸ்' என்ற சொல்லையே ஆள்கிறேன்.

என் வாதம் இதுதான். உயிர் என்பதை ஒரு பொருளுக்குள் இருக்கும் பண்பாகக் கொண்டு தேடியவர்களுக்கு வைரஸ் பிடிபடவில்லை. எதனுள் வைத்தால் அது என்ன செய்கிறது என்று கேட்டவர்களுக்கே விடை கிடைத்தது. அவ்வினாவைக் கேட்கத் தவறிய இடங்களில் மனிதர்கள் துன்புற்றார்கள். சில இடங்களில் உயிரிழந்தார்கள்.

2

1892இல் ரஷ்ய அறிவியலாளர் திமித்ரி இவானவ்ஸ்கி, தேமல் நோய் கண்ட புகையிலைச் செடியின் சாற்றைப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார். பாக்டீரியா எதுவும் புகமுடியாத வடிகட்டி அது. ஆயினும் வடிந்த சாறு நல்ல செடிக்கு நோயைத் தந்தது. 1898இல் நெதர்லாந்தின் மார்ட்டினுஸ் பெயரிங்க் அதே நோயை ஆராய்ந்து, நோய்க்காரணி வளரும் செடித் திசுவில் மட்டும் பெருகுகிறது என்று கண்டார். அதை உயிருள்ள ஒரு தொற்றுத் திரவம் என்று அவர் அழைத்தார். திரவம் எப்படி உயிரோடிருக்கும் என்று அக்காலத்தார் வியந்ததில் வியப்பில்லை.

அதே 1898இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் லோஃப்ளரும் பவுல் ஃப்ரோஷும் கால்நடைகளின் கோமாரி நோயை ஆராய்ந்தனர். அங்கும் வடிகட்டிய நீர்மம் கன்றுகளுக்கு நோயைத் தந்தது. அவர்கள்முன் இரண்டு விளக்கங்கள் நின்றன. ஒன்று, வடிகட்டியைக் கடந்தது பாக்டீரியா சுரந்த நஞ்சு. மற்றொன்று, கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் புலப்படாத அளவு சிறிய, பெருகும் ஆற்றலுடைய ஏதோ ஒன்று.

இவ்விரண்டையும் பிரித்தறிய அவர்கள் கையாண்ட வழி நேர்த்தியானது. நோயுற்ற கன்றிலிருந்து சிறிது நீர்மத்தை எடுத்து அடுத்த கன்றுக்குச் செலுத்த வேண்டும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. ஒவ்வொரு கடத்தலிலும் முதற்பொருள் நீர்த்துக்கொண்டே போகும். எடுத்துக்காட்டாக, ஒவ்வொரு முறையும் நூறு மடங்கு நீர்த்தால் ஐந்தாவது கடத்தலில் எஞ்சுவது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. நஞ்சாக இருந்தால் அது அதற்குள் வலுவிழந்திருக்க வேண்டும். கடைசிக் கன்றும் முதற்கன்றைப் போலவே நோயுற்றால், வழியில் எங்கோ அது பெருகியிருக்கிறது என்பதே பொருள். நஞ்சு குறையும், உயிர் பெருகும்.

தொடர் கடத்தல் எனப்படும் இம்முறைக்கு நாம் அறிந்த அட்டவணை எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது சுவாசிக்கிறதா, உண்கிறதா, அசைகிறதா என்று எவரும் கேட்கவில்லை. அதைப் பார்க்கவே முடியாதபோது எப்படிக் கேட்பது? கேட்கப்பட்டது ஒரே கேள்வி: வேறோர் உயிருக்குள் சென்றால் அது குறைகிறதா, கூடுகிறதா?

1935இல் இவ்வழக்கு மறுபக்கம் சாய்ந்தது. அமெரிக்காவில் வெண்டல் ஸ்டான்லி, புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உப்பும் சர்க்கரையும் படிகமாவதைப் போல நோயும் படிகமாயிற்று. புட்டியில் அடைத்துவைத்த படிகத்தைக் கரைத்துச் செடியில் தேய்த்தால் மீண்டும் நோய் வந்தது. 1946இல் ஸ்டான்லிக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தபோது அது வேதியியலுக்காக வழங்கப்பட்டது. இதற்கிடையில் இங்கிலாந்தின் பாவ்டனும் பிரீயும், அப்பொருள் வெறும் புரதம் அன்று, அதில் ரைபோ நியூக்ளிக் அமிலமும் உண்டு என்று காட்டியிருந்தனர். 1937இல் பிரீ எழுதிய ஒரு கட்டுரை, 'உயிர்', 'உயிருள்ள' ஆகிய சொற்களே அறிவியலில் பொருளற்றவை என்று வாதிட்டது. படிகத்தைக் கையில் வைத்திருந்த ஒருவர் அந்த முடிவுக்கு வந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் அச்சொற்களைக் கைவிட முடியவில்லை. ஏன் என்பதற்கு விடை தேடி நாம் புனேவுக்கு வரவேண்டும்.

3

1952இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் இணைந்து புனேவில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தை நிறுவின. 1978இல் அது தேசிய வைராலஜி நிறுவனம் என்று பெயர் மாறியது. கொசு, உண்ணி முதலியவற்றால் பரவும் வைரஸ்களைக் கண்டறிவதே அதன் தொடக்ககாலப் பணி.

1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டுப் பகுதியில் குரங்குகள் அடுத்தடுத்து இறந்தன. நாட்டுக் குரங்குகளும் கருமுக மந்திகளும் மரத்தடிகளில் செத்துக் கிடந்தன. அருகிலிருந்த ஊர்களில் மனிதர்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. குரங்குகள் மடிவது மஞ்சள் காய்ச்சலின் அடையாளம். ஆசியாவில் அதுவரை இல்லாத அந்நோய் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. புனேயிலிருந்து டெல்ஃபர்ட் வொர்க், ஹெரால்டு டிராபிடோ ஆகியோர் உள்ளிட்ட குழு ஆய்வில் இறங்கியது.

அன்றைய ஆய்வகங்களில் இதற்கான வழக்கமான நடைமுறை இது: இறந்த விலங்கின் உறுப்பை அரைத்து நீர்மமாக்கி, பால்குடி எலிக்குஞ்சுகளின் மூளைக்குள் ஊசிவழி செலுத்துவர். குஞ்சுகள் சில நாள்களில் நோயுற்றால் அவற்றின் மூளையை எடுத்து அடுத்த ஈற்றுக் குஞ்சுகளுக்குச் செலுத்துவர். லோஃப்ளர் கன்றுகளில் செய்ததைப் புனே எலிக்குஞ்சுகளில் செய்தது. குரங்கின் உடலிலிருந்து அவ்வாறு ஒரு வைரஸ் கிடைத்தது. அது மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அன்று. ரஷ்யாவின் உண்ணிவழி மூளைக்காய்ச்சல் வைரஸ்களுக்கு உறவான, அதுவரை அறியப்படாத புதிய வைரஸ். காட்டு உண்ணிகளே அதைப் பரப்பின. கியாசனூர் காட்டு நோய் என்று அது பெயர் பெற்றது. ஆய்வகத்தில் அதைக் கையாண்ட பணியாளர்களுக்கும் அந்நோய் தொற்றியது. குப்பியில் இருந்தது வெறும் வேதிப்பொருளா என்ற ஐயத்துக்கு அவர்களுடைய உடலே விடை கூறியது.

அதே 1957ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சு அறிவியலாளர் ஆந்திரே லுவோஃப், வைரஸ் என்னும் கருத்தாக்கத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற உரையில், அதை வேறெதனோடும் ஒப்பிடாமல் வைரஸாகவே வரையறுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். கோட்பாட்டாளர் வரையறையைத் தேடிக்கொண்டிருந்தபோது, புனேவின் ஆய்வாளர்கள் வரையறைக்குக் காத்திராமல் நோய்க்காரணியைக் கண்டுபிடித்தனர். 1965இல் நாகபுரியின் சாந்திபுரா பகுதியில் காய்ச்சல் கண்டவர்களின் குருதியிலிருந்து மற்றொரு புதிய வைரஸும் இம்மையத்தாரால் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வூரின் பெயரையே பெற்ற அந்த வைரஸ் 2003இல் ஆந்திரப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற மூளைக்காய்ச்சலோடு தொடர்புபடுத்தப்பட்டபோதுதான் அதன் கொடுமை முழுதாகத் தெரிந்தது.

புனே ஆய்வகத்தின் மற்றொரு சாதனை நம் வினாவை மறுபுறமிருந்து எழுப்புகிறது. 1967இல் கே. ஆர். பி. சிங், கொசுக்களின் இளம்புழுக்களிலிருந்து செல்களைப் பிரித்து, கண்ணாடிக் குடுவையில் தொடர்ந்து பெருகும் செல் வரிசைகளை உருவாக்கினார். அவற்றுள் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் செல்களிலிருந்து 1978இல் ஜப்பானிய அறிவியலாளர் இகராஷி பிரித்தெடுத்த கிளை, சி6/36 என்ற பெயரில் இன்று உலகெங்கும் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைப் பிரித்தெடுக்கப் பயன்படுகிறது.

அந்தப் புழுக்கள் 1967இலேயே மடிந்துவிட்டன. பறக்கவோ கடிக்கவோ முட்டையிடவோ ஒரு கொசுவும் இல்லை. ஆனால் அவற்றின் செல்கள் உண்கின்றன, பிரிகின்றன, அரை நூற்றாண்டைக் கடந்தும் பெருகுகின்றன. பள்ளி அட்டவணையில் வைரஸுக்கு இடமில்லை. இச்செல்கள் அதன் எல்லாக் கட்டங்களையும் நிரப்புகின்றன, ஆனால் இவற்றை ஓர் உயிரினம் என்று அழைக்க நாம் தயங்குகிறோம். தனித்து இருக்கையில் செயலற்ற வைரஸும், கொசு இல்லாத கொசுச் செல்லும் அந்தக் குடுவையில் சந்திக்கின்றன. சந்தித்த பின் அங்கே நிகழ்வது ஐயத்துக்கிடமின்றி ஓர் உயிர்ச்செயல்.

4

வைரஸ் உயிரற்றது என்று பாடநூல் கூறினாலும், தடுப்பூசித் துறை 'உயிருள்ள தடுப்பூசி', 'கொல்லப்பட்ட தடுப்பூசி' என்றே வகைப்படுத்துகிறது. உயிரில்லாததை எப்படிக் கொல்வது என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் இச்சொல்வழக்குக்குப் பின்னால் பட்டறிவு இருக்கிறது.

1885இல் லூயி பாஸ்டர், வெறிநாய்க்கடிக்கு உள்ளான சிறுவனுக்கு, முயலின் முதுகுத்தண்டு வடத்தைக் காற்றில் உலர்த்திச் செய்த மருந்தைச் செலுத்தினார். அதிக நாள் உலர்ந்ததை முதலிலும் அண்மையில் உலர்ந்ததைப் பின்னரும் கொடுத்தார். உள்ளே இருப்பது எது என்று அவர் கண்டதில்லை. உலர உலர அதன் வீரியம் குறைகிறது என்பதை மட்டும் அறிந்திருந்தார். 1911இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் டேவிட் செம்பிள் கார்பாலிக் அமிலத்தால் அந்த வைரஸைச் செயலிழக்கச் செய்யும் முறையை வகுத்தார். நம் நீலகிரியில், 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் ஆட்டு மூளையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்த தடுப்பூசியைப் பல்லாண்டுகள் வழங்கியது. நாய் கடித்தால் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெற்றோர் அஞ்சிப் பேசியது இதைத்தான்.

கொன்றுவிட்டோம் என்று நம்புவதற்கும் கொன்றுவிட்டோம் என்று அறிவதற்கும் இடையிலுள்ள தொலைவை 1955 காட்டியது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் ஜோனாஸ் சால்க்கின் இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி அறிமுகமாயிற்று. வைரஸை ஃபார்மலினில் ஊறவைத்துச் செயலிழக்கச் செய்வதே அதன் முறை. நேரம் செல்லச்செல்ல வீரியம் ஒரே சீராகக் குறையும், எனவே எவ்வளவு நேரத்தில் ஒன்றும் எஞ்சாது என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய கருத்து. ஆனால் கட்டர் ஆய்வகம் என்ற நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் வீரியமுள்ள வைரஸ் எஞ்சியிருந்தது. துகள்கள் ஒன்றோடொன்று திரண்டிருந்தால் உள்ளிருப்பவற்றை ஃபார்மலின் எட்டுவதில்லை. குறையும் கோடு கடைசியில் நேராகச் செல்லாமல் வால்போல் நீள்கிறது. ஏறத்தாழ 200 பேருக்கு வாதம் ஏற்பட்டது. 10 பேர் இறந்தனர். காகிதத்தில் செத்திருந்தது குழந்தையின் உடலில் பெருகியது. அதன்பின் திரள்களை நீக்கக் கூடுதல் வடிகட்டலும், முன்னிலும் கடுமையான சோதனைகளும் கட்டாயமாயின. செயலிழக்கச் செய்த வைரஸைப் புதிய செல்களில் இட்டு, அங்கிருந்து அடுத்த செல்களுக்கு மாற்றி, எதுவும் பெருகவில்லை என்று காண்பதே அத்தகைய சோதனையின் அடிப்படை. 1898ஆம் ஆண்டின் தொடர் கடத்தல் இங்கே காவலாளியாக மீண்டும் வருகிறது.

உயிருள்ள தடுப்பூசியின் சிக்கல் வேறு. புனேவின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, பெருகும் ஆற்றலை இழக்காத வைரஸ். வெப்பம் பட்டால் அது வீணாகும். ஆகவே குளிர்பெட்டியும் பனிக்கட்டியுமாக அது கிராமத்துச் செவிலியர் கைவரை செல்லவேண்டும். கரைத்த குப்பியைச் சில மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. இங்கே வைரஸ் சாகாமல் காப்பதே பணி.

சொட்டு மருந்தாகக் கொடுக்கும் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தும் உயிருள்ள வகையே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் 1970களின் தொடக்கத்திலேயே, மூன்று தவணை சொட்டு மருந்து பெற்ற நம் குழந்தைகள் பலருக்கு எதிர்பார்த்த எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை என்று காட்டினர். மேலைநாட்டுக் குழந்தையின் குடலில் நன்கு பெருகிய அதே வைரஸ், வேலூர்க் குழந்தையின் குடலில் அவ்வாறு பெருகவில்லை. மருந்து மாறவில்லை, அது சென்றடைந்த இடம் மாறியது. பெருகும் பொருள் பெருகுகையில் மாறவும் செய்யும். மிக அரிதாக அத்தடுப்பு மருந்தே வீரியம் மீண்டு வாதத்தை உண்டாக்கியதும் உண்டு. ஜேக்கப் ஜான் செயலிழக்கச் செய்த ஊசி மருந்துக்காகப் பல்லாண்டுகள் வாதாடியதற்கு இவ்விரண்டும் காரணங்கள். உயிருள்ளதா, கொல்லப்பட்டதா என்பது அவருக்குச் சொல்லாராய்ச்சியாக இருக்கவில்லை.

5

2020இல் இவ்வினா நம் ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் வந்தது. அவ்வாண்டு ஜனவரி 30 அன்று இந்தியாவின் முதல் கோவிட் தொற்று புனே நிறுவனத்தின் சோதனையில்தான் உறுதியாயிற்று. அந்நிறுவனம் செல்களில் வளர்த்துப் பிரித்தெடுத்த வைரஸிலிருந்து, வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து, ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் கோவாக்சின் தடுப்பூசியை உருவாக்கியது. அது 'கொல்லப்பட்ட' வகை.

நம்மில் மிகப் பலர் பெற்றுக்கொண்ட கோவிஷீல்டு, புனேவின் சீரம் இன்ஸ்டிடியூட்டில் தயாரானது. அது எவ்வகை? சிம்பன்சியின் அடினோ வைரஸிலிருந்து, பெருகுவதற்குத் தேவையான இ1 என்னும் மரபணுப் பகுதியை நீக்கி அதைச் செய்தனர். நம் செல்லுக்குள் அது நுழையும், தான் கொண்டுவந்த செய்தியைத் தரும், ஆனால் பெருகாது. அப்படியென்றால் தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் அதைப் பெருக்கியது எவ்வாறு? நீக்கப்பட்ட இ1 பகுதியைத் தம் மரபுத்தொகுதியிலேயே கொண்டுள்ள சிறப்புச் செல்களில் அதை வளர்த்தனர். அச்செல்களுக்குள் அது பெருகும் உயிர். நம் கைச்சதைக்குள் பெருக இயலாத துகள். துகளில் ஓர் அணுகூட மாறவில்லை. 'உயிருள்ளதா, உயிரற்றதா' என்று அதை மட்டும் பார்த்துக் கேட்டால் விடையே கிடையாது, 'எதற்குள்?' என்று சேர்த்துக் கேட்டால் தெளிவான விடை உண்டு.

2002இல் அமெரிக்காவில் எக்கார்ட் விம்மரின் குழு இளம்பிள்ளைவாத வைரஸின் மரபுத்தொகுதியை வேதிமுறையில் கட்டமைத்ததும் இதையே உணர்த்துகிறது. எழுத்துவரிசையைக் கொண்டு மட்டும் கட்டப்பட்ட மூலக்கூறு அது. அதை வைரஸாக்க உயிருள்ள செல்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் செல்லைப் பிழிந்தெடுத்த சாறு தேவைப்பட்டது. உயிரின் பணிமனையின்றி அந்த எழுத்துவரிசை எழுத்தாகவே நின்றிருக்கும்.

இந்த அறிவு 2020இல் பரவலாக இருந்திருந்தால் சில துயரங்களைத் தவிர்த்திருக்கலாம். இரண்டைக் குறிப்பிடுகிறேன்.

ஆர்டி-பிசிஆர் சோதனை வைரஸின் மரபுப்பொருளின் துண்டுகளைக் கண்டறிகிறது. பெருகும் ஆற்றலுள்ள வைரஸை அன்று. நோய் தீர்ந்த பின்னும் வாரக்கணக்கில் அத்துண்டுகள் உடலில் எஞ்சலாம். அவை வைரஸின் எச்சம். வைரஸின் உயிர்ப்பு அல்ல. தொடக்கத்தில், சோதனை முடிவு மாறும்வரை நலமடைந்தவர்களையும் மருத்துவமனையில் நிறுத்திவைத்தனர். 2020 மே 8 அன்று நடுவண் அரசு வெளியிட்ட திருத்தப்பட்ட நெறிமுறை, லேசான தொற்றுள்ளோர் அறிகுறி தொடங்கிப் பத்து நாள் கழித்து, காய்ச்சலின்றி மூன்று நாள் கடந்தால், மறுசோதனையின்றி வீடு திரும்பலாம் என்றது. அதன்பின்னும் 'பாசிட்டிவ்' என்ற சொல்லுக்கு அஞ்சித் திரும்பி வந்தவர்களுக்குக் கதவடைத்த தெருக்களும் குடும்பங்களும் உண்டு.

மற்றொன்று இதனினும் கொடியது. 2020 ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துத் தாமும் கோவிட் கண்டு இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்கள் தாக்கப்பட்டனர். மண்ணுக்குள் சென்ற உடலிலிருந்து நோய் கிளம்பி ஊரெங்கும் பரவும் என்று கூடியிருந்தோர் நம்பினர். உடலைக் கையாள்வோருக்குப் பாதுகாப்புத் தேவை என்பது உண்மை. எஞ்சிய வைரஸ் சிறிது காலம் வீரியத்தோடு இருக்கக்கூடும். ஆனால் வைரஸ் பெருகுவதற்கு உயிருள்ள செல் வேண்டும். செல்கள் மடிந்த உடலில் அது கூடுவதில்லை, குறைந்துகொண்டேதான் போகும். ஆழப் புதைத்த உடல் எவருக்கும் நோய்க்களம் அன்று. வைரஸைத் தானே எழுந்து நடமாடும் உயிராகக் கற்பனை செய்ததன் விலையை அந்த மருத்துவரின் குடும்பம் கொடுத்தது.

6

தமிழ் மரபு உயிர்களை எவ்வாறு வகுத்தது என்பதை இங்கே நினைவுகூரலாம். தொல்காப்பியத்தின் மரபியல், உடலால் மட்டும் உணரும் புல்லும் மரமும் தொடங்கி ஆறறிவுடைய மனிதர்வரை அறிவின் எண்ணிக்கையால் உயிர்களை அடுக்குகிறது. ஓர் உயிர் தன்னைச் சூழ்ந்த உலகத்தை எத்தனை வாயில்களால் எதிர்கொள்கிறது என்பதே அங்கு அளவுகோல். இதை வைராலஜியின் முன்னறிவிப்பு என்று கூறுவது வரலாற்றுக்கு இழைக்கும் தீங்கு. தொல்காப்பியர் அறிந்திராத வினாவுக்கு அவரிடம் விடை கோரலாகாது. ஆயினும் உயிரைச் சூழலோடு கொள்ளும் தொடர்பால் அளக்கும் ஒரு பார்வை நமக்கு அயலானதன்று என்பதை மட்டும் இதிலிருந்து பெறலாம்.

வகுப்பறையில் அட்டவணையைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு நாய்க்கும் நாற்காலிக்கும் உள்ள வேறுபாட்டை அது நன்றாகவே கற்பிக்கிறது. உயிரியல் பயிலும் மாணவருக்கு அதற்கு அடுத்த படி தேவை. 'வைரஸ் இடைப்பட்டது' என்ற வரியை எழுதச் செய்வதைவிட, லோஃப்ளரின் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். நூறு மடங்கு நீர்த்தல், ஐந்து கடத்தல், ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, ஆனாலும் கடைசிக் கன்று நோயுறுகிறது, ஏன்? அக்கேள்விக்குத் தானாக விடை காணும் மாணவர், வரையறையை மனப்பாடம் செய்தவரைவிட உயிரைப் பற்றி அதிகம் அறிவார். பிசிஆர் முடிவுத்தாளையும் தடுப்பூசிக் குப்பியையும் வேறு கண்ணோடு பார்ப்பார்.

இறுதியாகச் சொற்களுக்கு வருகிறேன். கலைச்சொல் அறிஞர்கள் சிலர், வைரஸ் முழு உயிரன்று என்பதால் 'நச்சுயிரி' தவறு, 'தீநுண்மி'யே சரி என்பர். அவர்களுடைய அறிவியல் கவலையை மதிக்கிறேன். ஆனால் வரலாற்று மாணவனாக என் வாக்கு நச்சுயிரிக்கே. லோஃப்ளரும் ஃப்ரோஷும் 1898இல் எதிர்கொண்ட இரு விளக்கங்கள் நஞ்சு, உயிர் என்பன. தனித்திருக்கும் துகளாகப் பார்த்தால் நஞ்சைப் போன்றது. செல்லுக்குள் சென்றபின் உயிரைப் போன்றது. அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது தமிழ். மராத்தியின் விஷாணுவில் பாதி இருக்கிறது. தீநுண்மியில் அதுவும் ஐயத்துக்குரியது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்களும் நுண்ணுயிரியல் துறையினரும் இதில் மாறுபடக்கூடும். உங்கள் வாதங்களை எழுதுங்கள். அவற்றைப் படிக்கக் காத்திருக்கிறேன்.